மீன் பெட்டியில் மஞ்சள் பூ

அன்றைக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் கணவர். ஹொலண்டில் இருந்து வந்து இறங்கிய எங்கள் மகள். அவளுடைய கணவர், எங்கள் மருமகன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி. கூடப்பிறந்தவள் இல்லை, கிண்ணியாவில் இருந்து வந்து குடியிருப்பவள், என்னை அக்கா என்பாள். அவளுடைய கணவர், மீன் வியாபாரி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து பிள்ளைகளை ஏற்றிவந்த வான் சாரதியும் பிளேன்ரீக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தார். வேறு ஒருவரும் இல்லை. பிறகு எங்கள் ஒழுங்கையில் இந்தக் கதை பலவிதமாகப் போனது. வராதவர்களும் வந்து பார்த்தது போலக் கதைத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

விறாந்தையின் நடுவில், நான் துடைத்து வைத்த ஸ்டூலின் மேல், ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி இருந்தது. மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்புவார்களே, அந்தப் பெட்டிதான். அதற்குள் மண் நிரப்பி, மண்ணில் இருந்து மூன்று மஞ்சள் பூங்கதிர்கள் எழும்பி நின்றன. அந்தப் பூ என் வீட்டில் பூத்திருக்கவேண்டிய பூ.

மகள் கலியாணம் முடித்துப் போன பிறகு ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை. வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்னமே, லீவில் வந்த ஒருவரிடம் ஒரு கடதாசிப் பையைக் கொடுத்துவிட்டிருந்தாள். திறந்து பார்த்தால் பத்துக் கிழங்குகள். பம்பாய் வெங்காயம் போல உருட்டாக, வெளித்தோல் மட்டும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், கடதாசி போல உரிந்துகொண்டு இருந்தன. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும் என்று மகள் எனக்கு எப்போதும் குரலில்தான் அனுப்புவாள். இதற்கும் அப்படித்தான் அனுப்பியிருந்தாள்.

"அம்மா, இது ஹயசின்த். இஞ்ச எங்கட யன்னலடியில மஞ்சளாப் பூக்கும், வாசம் வீடு முழுக்க நிக்கும். நான் தை மாசம் வரேக்க எங்கட வீட்டில பூத்திருக்கவேணும், சரியோ? அஞ்சை நீங்கள் வையுங்கோ. அஞ்சைப் பக்கத்து வீட்டு அன்ரிக்குக் குடுங்கோ."

அந்தக் கடைசி வரியை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு அனுப்பிய பத்தில் ஐந்து ஏன் அங்கே போகவேண்டும்? ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் கணவருக்கு நெஞ்சுக்குள் இழுத்தபோது அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது அந்த மீன்காரரின் வாகனம்தான். மகளும் அந்தத் தங்கச்சியும் போனில் வட்டிலப்பம் செய்யும் விதம் கதைப்பார்கள், சிரிப்பார்கள். என்னோடு கதைத்தால் மருந்து குடித்தீர்களா, கரண்ட் பில் கட்டினீர்களா, யானை அடித்ததாம் கேள்விப்பட்டீர்களா என்றுதான் கதை போகும். பாதியை நானே தொடங்குகிறேன், அதுவும் தெரியும்.

ஐந்தை எண்ணிக் கொடுத்தேன். பெரிதாகப் பார்த்து ஐந்தை எனக்கு எடுத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே என் கை அரித்துக் கடிக்கத் தொடங்கிவிட்டது. கிழங்கைத் தொட்ட விரல் இடுக்கெல்லாம் சிவந்துபோனது. மகளிடம் கேட்டேன். சில பேருக்கு அப்படிக் கடிக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் வாயில் வைக்கக்கூடாது, நஞ்சு என்றாள். பயப்படவேண்டாம் என்று சொல்லிவிட்டு நஞ்சு என்றும் சொன்னால் நான் என்ன செய்வது? குசினியில் வெங்காயக் கூடை இருக்கிறது. கணவர் கண்ணாடி போடாமல் சம்பலுக்கு வெங்காயம் எடுக்கிறவர். வெங்காயக் கூடையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"வெங்காயத்துக்கும் திறப்போ?" என்றார் அவர்.

"உங்களுக்காகத்தான்."

"எனக்கு நெஞ்சு வருத்தம்தான் இருக்கு. கண் வருத்தம் இல்லை."

மகள் சொன்ன முறை இது. அங்கே பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் குளிரில் கிடந்து, பிறகு எழும்புகிற பூ. எங்கள் ஊரில் அந்தக் குளிர் இல்லை. ஆகவே மூன்று மாதமளவில் பிரிட்ஜுக்குள் வைத்துக் குளிர் காட்டவேண்டும். ஐஸ் பிடிக்கிற மேல் பெட்டிக்குள் வைக்கக்கூடாது, கீழே வைக்கவேண்டும். இன்னொன்றும் சொன்னாள்: "பழத்துக்குப் பக்கத்தில மட்டும் வைச்சிடாதைங்கோ."

எங்கள் பிரிட்ஜில் ஒரு சட்டம் இருக்கிறது. மேல்தட்டு மச்சம். மீன், இறைச்சி, முட்டை. கீழே இழுப்பறை சைவம். வெள்ளிக்கிழமைக்கு வாங்கும் பூவும் பழமும் அங்கேதான். பூக்கிற முதல் பூவைப் பிள்ளையார் படத்துக்கு வைக்கிறதாக நான் நேர்ந்திருந்தேன். சாமிக்குப் போகிற பூவின் கிழங்கைப் பாரைமீனுக்குப் பக்கத்தில் வைக்க ஏலுமா? இழுப்பறைக்குள்தான் வைத்தேன். அதற்குள் அப்பிளும் பப்பாசியும் கிடந்தன. மகள் சொன்னதை மறக்கவில்லை. கிழங்கில் நஞ்சு இருக்கிறது, அது பழத்தில் பிடித்துவிடும், அதற்குத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் பழங்களைப் பேப்பரில் சுற்றி, பையில் போட்டு முடிச்சிட்டு, ஒரு மூலைக்கு ஒதுக்கினேன். கிழங்குகளைத் திறந்தபடி மற்ற மூலையில் விட்டேன். பழம் தப்பியது என்று நிம்மதியாக இருந்தது.

கரண்ட் போகும்போதெல்லாம் பிரிட்ஜடிக்கு ஓடுவேன். பிரிட்ஜைத் திறந்து கையை விட்டுக் குளிர் இருக்கிறதா என்று பார்ப்பேன். திறந்தால் இருக்கிற குளிரும் போய்விடும் என்று கணவர் கத்துவார். அது உண்மை என்று மூடுவேன். மூடியபிறகு போதுமான அளவு குளிர் இருந்ததா என்ற யோசனை வரும். திரும்பத் திறப்பேன்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி என்ன செய்தாள் என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன். பின்பக்கத்துக் கொட்டிலில் மீனுக்கென்று தனியாக ஒரு பழைய பிரிட்ஜ் வைத்திருந்தார்கள். அதன் கீழ்த்தட்டில், ஒரு பழைய பனியனில் சுற்றி, சூரை மீன் துண்டங்களுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவில் கிடந்தன என் மகள் அனுப்பிய கிழங்குகள்.

"இதென்ன தங்கச்சி, சூரையோட வைச்சிருக்கிறாய்?"

"வேற எங்கக்கா வைக்கிற? வீட்டுப் பிரிட்ஜ் எண்டா புள்ளையள் கைய உட்டுக்கிட்டே இரிக்கும். இதுக்குள்ள ஆரும் வரமாட்டாங்க, நாத்தத்துக்கு."

"பூ நாறாதே?"

"நாறினா நாறட்டும். வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்."

இப்படி ஒரு ஆள் எப்படி நித்திரை கொள்கிறாள், எப்படிச் சாப்பிடுகிறாள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் நடை கொஞ்சம் இலேசாகத்தான் இருந்தது. மீன் நாற்றத்துக்குள் கிடக்கிற கிழங்கு எங்கே பூக்கப்போகிறது.

மாரி மழை பிடித்த காலத்தில்தான் நட்டோம். நான் செம்மண்ணும் ஆற்றுமணலும் தும்புத்தூளும் அரித்துக் கலந்து, மூன்றை மண்சட்டிகளில் வைத்தேன். இரண்டை மதிலோரம் நிலத்தில் வைத்தேன். தோட்டத்துப் பூ என்றால் நிலத்திலும் இரண்டு நிற்கவேண்டாமா? அந்த இரண்டும்தான் முதலில் போனது. மழை விடாமல் பெய்து மதிலடியில் தண்ணீர் நின்றது. வாய்க்கால் வெட்டிவிட்டேன், குடை பிடித்துக் கட்டினேன், கடைசியில் கையால் இழுத்தபோது கிழங்கு கூழாக வந்தது. சட்டியில் இருந்த மூன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. முளை வருகிறதா என்று விரலால் மண்ணை நீக்கிப் பார்ப்பேன். திரும்ப மூடுவேன். மழை பட்டால் அழுகும் என்று உள்ளே தூக்குவேன். வெளிச்சம் காணாது என்று வெளியே வைப்பேன்.

"அந்தக் கிழங்கு உன்னைக் கண்டாலே நடுங்குது," என்றார் கணவர்.

தங்கச்சி மூலை உடைந்த ஒரு மீன் பெட்டியை எடுத்தாள். ஆணியைச் சூடாக்கி அடியில் துளை போட்டாள். அடியில் மணல், மேலே மண், ஐந்து கிழங்கையும் கழுத்து வெளியே தெரிகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூடியால் மூடி, மழையும் வெயிலும் படாத கொட்டில் தாழ்வாரத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். முளை மூடியை முட்டியபிறகுதான் திறந்தாள். போனில் ஏதோ வீடியோ பார்த்ததாம். அவள் உயர்தரம் வரை படித்தவள். எது கேட்டாலும் போனைத் தட்டிக் கண்டுபிடித்துவிடுவாள்.

மூன்று பூத்தது.

அது எங்கள் ஊர்ப் பூ எதையும் போல இல்லை. ஒரு தடித்த பச்சைத் தண்டு, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மணிகள் போல நெருக்கமாக, இளமஞ்சள். வெண்ணெய் போட்டுக் கடைந்த மஞ்சள். வாசத்தைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மல்லிகை போல முகத்தில் அடிக்காது. தேன் போல ஒன்று, அதோடு ஈரப் பச்சை. துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்தால் மதிலைத் தாண்டி எங்கள் குசினிக்குள் வரும். நான் மீன் கழுவிக்கொண்டு நிற்பேன். அவளுடைய மீன் கொட்டிலில் இருந்து பூ மணக்கும்.

என் கணவர் பல் விளக்குகிற சாட்டில் மதிலடியில் போய் நிற்கத் தொடங்கினார். முந்தி கிணற்றடியில்தான் விளக்குவார். ஒழுங்கையில் பிள்ளைகள் வந்து படம் எடுத்தார்கள். உப்புவெளியில் இருந்து ஒரு ஹோட்டல்காரர் வந்து விலை கேட்டார். அவள் வட்ஸ்அப்பில் படம் போட்டாள். அதற்குக் கீழே என் மகள் ஒரு வரிசை மஞ்சள் இதயம் போட்டிருந்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது மதிலுக்கு அங்கால் என் மகளின் குரல் கேட்டது. என் மகளின் குரல், தங்கச்சி வீட்டுப் போனில்.

"கிட்டக் காட்டுங்கோ அன்ரி! ஐயோ, எவ்வளவு வடிவு. அந்தச் சின்னன் மொட்டையும் காட்டுங்கோ."

வாளியை நிலத்தில் வைக்காமல் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன். வைத்தால் சத்தம் கேட்கும். என் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். அப்படி என்னோடு அவள் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் எடுத்தாள்.

"அம்மா, உங்கட எப்பிடி?"

"வருது, வருது," என்றேன்.

"நான் வரேக்க சரியா இருக்கும் என்ன?"

"ஓம், ஓம். சரியா இருக்கும்."

சட்டியில் மூன்று செடிக்கும் இலை வந்திருந்தது. இலைகளுக்கு நடுவில், மொட்டு இருக்கவேண்டிய இடத்தில், காய்ந்த பேப்பரைக் கசக்கி வைத்தது போல ஒரு மண்ணிறக் கட்டி. அது இனிமேல் பூக்கும் என்று நம்ப எனக்கே ஏலவில்லை. தங்கச்சி வேண்டுமென்றே நல்ல கிழங்கை எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிரித்தெடுத்தது நான்தான் என்பது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் சின்னக் கிழங்குதான் நல்ல கிழங்கு, அது அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் வருகிற அன்று விடிந்ததும் மகள் போன் எடுத்தாள். "கந்தளாய் தாண்டிட்டம் அம்மா." காட்டு ரோட்டில் யானை மறிக்கும் என்ற பயம் முடிந்தது. அடுத்த பயம் நெஞ்சில் ஏறியது. செருப்பும் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"தங்கச்சி, அந்தப் பெட்டியை எனக்குத் தாவன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "தூக்கிட்டுப் போங்கக்கா. ஒங்கட மகள் தந்த சாமான்தானே."

அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா தந்தால் அது அவளுடைய பூ, என் விறாந்தையில் இரவல் நிற்கிறது.

"சும்மா வேண்டாம். விலை சொல்லு."

"விலையா? உங்களுக்கிட்டயா?" சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதைக் கண்டு அவளும் நிறுத்தினாள். "சரி, ஹோட்டல்காரன் கேட்ட விலை செல்லட்டா? மூவாயிரம். தருவீங்களா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் சட்டைக்குள் வைத்திருந்த பேர்ஸை எடுத்து எண்ணினேன். பாதிதான் இருந்தது. அதை அவளுடைய கைக்குள் திணித்து, மிச்சத்தைப் பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். ஈர மண், நல்ல பாரம். அவள் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்தவளைப் போ என்று சொல்ல ஏலாது. அவளுடைய கணவரும் பிள்ளைகளைப் பார்க்கப் பின்னாலேயே வந்தார்.

வான் வந்தது. மகள் இறங்கினாள். கட்டிப்பிடித்தாள், அழுதாள், நானும் அழுதேன். பிறகு விறாந்தைக்கு ஏறியவள், பெட்டியைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து மணந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு மணந்தாள். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

கண்ணைத் திறந்து பெட்டியின் உடைந்த மூலையைப் பார்த்தாள்.

"இது அன்ரிட மீன் பெட்டியெல்லோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டாள். "பெட்டி மட்டும்தான் எங்கட. பூ ஒங்கட உம்மாட."

நல்ல மனம்தான். அந்த நல்ல பெயரும் அவளுக்கே போகிறதே என்று எனக்கு எரிந்தது. ஆனால் அது அதோடு நின்றிருக்கலாம். அவளுடைய கணவருக்கு எதையும் உள்ளே வைத்துப் பழக்கமில்லை.

"என்னடி செல்றா? அக்கா காசி குடுத்து வாங்கினதெண்டு இப்பதானே சென்ன?"

படியில் இருந்த வான் சாரதிக்குப் பிளேன்ரீ புரைக்கேறியது. மருமகன் கூரையைப் பார்த்தார். என் கணவர் மட்டும் வெளிப்படையாகச் சிரித்தார்.

"அம்மா," என்றாள் மகள். "பூவைக் காசுக்கு வாங்கினனீங்களே?"

"நீ வரேக்க எங்கட வீட்டில பூத்திருக்கவேணும் எண்டு நீதானே சொன்னனீ," என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவ்வளவு பேருக்கு முன்னால்.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு, "உங்கட எங்க? காட்டுங்கோ," என்று என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். எல்லோரும் பின்னால் வந்தார்கள். சட்டிக்குள் இருந்த மண்ணிறக் கட்டியை விரலால் பிரித்துப் பார்த்தாள்.

"எங்க வைச்சனீங்கள் குளிருக்கு?"

"சைவத் தட்டிலதான். சுத்தமாத்தான் வைச்சனான்."

"பழமும் அதுக்குள்ளயோ?"

"பழத்தைக் கட்டிச் சுத்தித் தள்ளித்தான் வைச்சனான். பழத்துக்கு நஞ்சு பிடிக்காது."

மகள் நெற்றியில் கையை வைத்தாள். "பழத்துக்கு ஒண்டும் வராதம்மா. பழம் பழுக்கேக்க ஒரு காத்து வரும். அது எந்தப் பைக்குள்ளாலயும் வரும். அதுதான் கிழங்குக்குள்ள இருக்கிற மொட்டைக் கருக்கிறது."

"அப்ப மீன்?"

"மீன் ஒண்டும் செய்யாது."

என் கணவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன்ர பிள்ளையாருக்கு வாங்கின அப்பிள்தான் பூவைச் சாப்பிட்டிருக்கு!" மீன்காரர் தன்னுடைய சூரைக்குப் பரிசு கிடைத்தது போல மார்பை நிமிர்த்தினார். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவளும் சிரித்திருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும், ஒருநாள் முழுக்கக் கோபித்திருப்பேன்.

மத்தியானம் எங்கள் விறாந்தையில் வெயில் விழத் தொடங்கியது. மேற்குப் பார்த்த வீடு. "இதில நிண்டால் ரெண்டு நாளில வாடிப்போகும் அம்மா," என்றாள் மகள். "அன்ரிட தாழ்வாரத்திலயே வைப்பம்." சொன்னவள் தானே ஒரு பக்கத்தைப் பிடித்தாள். தங்கச்சி மற்றப் பக்கம். நான் காசு கொடுத்து வாங்கிய பூ, வந்த அன்றே, என் மகளின் கையால் திரும்பிப் போனது.

அவர்கள் நின்ற நாளெல்லாம் பின்னேரத் தேநீர் அங்கேதான். "அக்கா, நீங்களும் வாங்களேன்," என்று மதிலுக்கு மேலால் கூப்பிடுவாள். முதல் நாள் தலையிடி என்றேன். அடுத்த நாள் போனேன். பிளாஸ்டிக் கதிரையில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். மகள் என் மடியில் தலை வைத்துக்கொண்டு அவளோடு கதைத்தாள். எனக்குத் தெரியாத கதைகளெல்லாம் கதைத்தாள்: மருமகன் வேலைக்குப் போக அங்கே வீட்டில் தனியாக இருந்த முதல் பனிக்காலம், யன்னலடியில் இந்தப் பூ ஒன்றுதான் துணை என்று இருந்தது, எல்லாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் நீங்கள் யோசிப்பியள் அம்மா," என்றாள். அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன். பூ மணத்துக்கொண்டு இருந்தது.

அவர்கள் திரும்பிப் போனபிறகு, கதிர்கள் காய்ந்து சாய்ந்தபிறகு, தங்கச்சி அந்தக் காசை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கொடுத்த அதே நோட்டுகள், மடிப்புக்கூட மாறவில்லை.

"புடிங்கக்கா. பூவும் எங்கட வீட்டிலதான் நிண்டிச்சு, காசியும் எங்கட கையில. இது ஹறாம்."

நான் கையை நீட்டவில்லை. அந்தக் காசைத் திரும்ப வாங்கினால், என் மகள் வந்தபோது மணந்து பார்த்தது அவளுடைய பூ என்று ஆகிவிடும். வாங்காவிட்டால் அது என் பூ. வெயிலுக்காக அங்கே நின்றது, அவ்வளவுதான்.

"வித்தது வித்ததுதான்," என்றேன்.

"அப்ப மிச்சத்தையும் தாங்களேன் பாப்பம்!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தருவன்."

மாதக் கடைசி வந்தால் எடுத்து வைப்பேன். மருந்துக்கோ கரண்ட் பில்லுக்கோ போய்விடும். அவள் அதைப் பற்றிக் கேட்பதில்லை. மகள்தான் போனில் இடைக்கிடை கேட்டுச் சிரிக்கிறாள், இரண்டு பேரோடும். நான் தங்கச்சிக்குக் கொடுக்கவேண்டியது இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.